விலை ஏறிய வருடத்தில் நாற்று கொடுக்கலாமா?

கேள்வி: வளரும் நாடுகளில் சிறு விவசாயிகளோடு வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் அண்மையில் சேர்ந்திருக்கிறேன். மலைப்பகுதி ஒன்றில் மக்காச்சோளமும் பயறும் விளைவிக்கும் குடும்பங்களுக்குக் காபி, வெனிலா நாற்றுகள் கொடுக்கலாமா என்று நான் பரிந்துரை எழுத வேண்டும். பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒரு ஹெக்டேர் நிலம்கூட இல்லை. எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர், பணப்பயிர் என்பது காலனி ஆட்சி வைத்த கண்ணி, அந்தப் பக்கமே போகக்கூடாது என்கிறார்கள். மீதிப் பேர், சோளம் போட்டு யாரும் வறுமையைத் தாண்டியதில்லை என்கிறார்கள். விவசாயிகளோ, 'இப்போது விலை நன்றாக இருக்கிறது, சீக்கிரம் நாற்று கொடுங்கள்' என்று அவசரப்படுத்துகிறார்கள். விவசாயிக்கு ஒரு குறைந்தபட்ச விலையை உறுதி செய்யும் நியாய வணிக (ஃபேர்டிரேட்) முத்திரை வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மேலாளர் நம்புகிறார். நான் என்ன எழுதுவது, ஐயா?
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பின்னால் வரட்டும். விளைபொருள் விலை பாதியாக விழுகிற ஒரு வருடத்தை, நிலத்தை விற்காமலும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தாமலும் தாண்டக்கூடிய குடும்பத்துக்குக் காபி நாற்று கொடுங்கள். தாண்ட முடியாத குடும்பத்துக்கு இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். அவர்களை முதலில் தாண்டக்கூடிய நிலைக்குக் கொண்டுவருவதுதான் உங்கள் திட்டத்தின் வேலை. எந்தப் பயிர் என்ற கேள்வியை அதற்கு அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் அலுவலகத்தில் கண்ணி என்று சொல்பவர்கள் சும்மா சொல்லவில்லை. ஜாவாவில் டச்சு ஆட்சி 1830இல் கொண்டுவந்த சாகுபடி முறைப்படி, கிராமங்கள் தங்கள் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஏற்றுமதிப் பயிருக்கு ஒதுக்க வேண்டும். கரும்பு, அவுரி, காபி. நடைமுறையில் பல இடங்களில் அதற்கும் மேலே நிலமும் உழைப்பும் பறிபோயின. 1840களில் மத்திய ஜாவாவின் நெல் வட்டாரங்களில் பஞ்சம் வந்தது. செனகலில் பிரெஞ்சு ஆட்சி நிலக்கடலையை வளர்த்தது. கடலை போட்ட விவசாயிக்குச் சாப்பிட இந்தோசீனாவிலிருந்து குருணை அரிசி கப்பலில் வந்தது. அந்த நாடு அரிசி இறக்குமதியை நம்பியிருக்கும் பழக்கம் அங்கே தொடங்கி இன்றுவரை ஓயவில்லை. 2008இல் உலக உணவு விலை எகிறியபோது செனகலின் தலைநகர் டாக்காரில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள்.

ஆனால் கொக்கோவின் கதை வேறு. இன்று கானா என்கிற அன்றைய கோல்ட் கோஸ்ட்டில் கொக்கோவைப் பரப்பியது பெரும்பாலும் ஆப்பிரிக்க விவசாயிகளேதான். சொந்தக் காசு போட்டு, காடு வாங்கி, மரம் வைத்து, 1911 வாக்கில் அந்த நாட்டை உலகின் முதல் கொக்கோ ஏற்றுமதியாளராக ஆக்கினார்கள். ஐரோப்பியக் கொள்முதல் நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு விலையை அமுக்குகின்றன என்று தெரிந்ததும், 1937-38இல் மாதக்கணக்கில் கொக்கோவை விற்க மறுத்தார்கள். அவர்களை ஏமாளிகள் என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. பள்ளிக் கட்டணம், மருந்து, தகரக் கூரை எல்லாவற்றுக்கும் ரொக்கம் வேண்டும். சோள மூட்டையைக் காட்டினால் மருத்துவமனையில் யாரும் ஊசி போடமாட்டார்கள். ரொக்கம் தரும் பயிர் வேண்டாம் என்று சொல்கிறவர், அந்த ரொக்கம் வேறு எங்கிருந்து வரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, அப்படியானால் எங்கே இடிக்கிறது? முக்கியமாகக் காலத்தில். உங்கள் விவசாயிகள் 'இப்போது விலை நன்றாக இருக்கிறது' என்கிறார்கள் அல்லவா? எனக்குக் கவலை தருவது அந்த வாக்கியம்தான்.

காபிச் செடி நட்டு ஓரளவு காய்ப்புக்கு வர மூன்று நான்கு வருடம் ஆகும். கொக்கோவும் ஏறக்குறைய அப்படித்தான். இன்றைய விலையைப் பார்த்து நடுகிறவர் விற்கப்போவது நான்கு வருடம் கழித்து வரும் விலைக்கு. அதே விலையைப் பார்த்து உலகம் முழுக்க இன்னும் பல லட்சம் பேர் அதே வருடத்தில் நட்டிருப்பார்கள். எல்லார் செடியும் ஒன்றாகக் காய்க்கும். 1975 ஜூலையில் பிரேசிலின் பரானா மாநிலத்தில் உறைபனி விழுந்து காபித் தோட்டங்கள் கருகின. 1977இல் ஒரு பவுண்டு காபி 3 டாலரைத் தாண்டியது. அந்த விலையை நம்பி நட்டவர்களின் அறுவடை வந்தபோது அந்த விலை இல்லை.

விலைச் சரிவுக்கு ஒரு தடுப்பணை இருந்த காலமும் உண்டு. 1962இல் தொடங்கிய சர்வதேசக் காபி ஒப்பந்தங்கள், நடுவில் சில வருடம் தவிர, ஒவ்வொரு நாடும் எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று பங்கு வைத்திருந்தன. 1989 ஜூலையில் அந்தப் பங்கீடு நின்றுபோனது. சில மாதங்களுக்குள் விலை ஏறக்குறைய பாதியாக விழுந்தது. ருவாண்டாவில் காபிச் செடியைப் பிடுங்குவது அப்போது சட்டப்படி குற்றம், ஆனாலும் பிடுங்கினார்கள். 1990களில் இன்னொரு பக்கம் வியட்நாம் வேகமாக நட்டது. பெயர் சொல்லும்படி காபி இல்லாமல் இருந்த நாடு 2000 வாக்கில் கொலம்பியாவை முந்தி உலகின் இரண்டாவது பெரிய உற்பத்தியாளர் ஆனது. வியட்நாம் விவசாயிக்கு அது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் 2001இல் உலகச் சராசரி விலை ஒரு பவுண்டுக்கு 50 சென்டுக்கும் கீழே போனது. மத்திய அமெரிக்காவில் பறிக்கும் கூலிகூடக் கட்டாமல் பழத்தைச் செடியிலேயே விட்டார்கள். தோட்டங்களை விட்டுக் குடும்பங்கள் கிளம்பிப் போயின.

சோளம் போட்டவருக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு கடுமையாக இல்லை. இந்த வருடம் விலை சரியில்லை என்றால் அடுத்த பருவத்தில் வேறு போடலாம். மரப்பயிர் அப்படி விடாது. அறிக்கையில் 'பணப்பயிர்' என்று ஒரே தலைப்பில் எல்லாவற்றையும் அடைக்காதீர்கள். பருத்தி, எள், காய்கறி போன்றவற்றிலிருந்து ஒரு பருவத்தில் வெளியே வரலாம். காபி, கொக்கோ, வெனிலா, முந்திரியிலிருந்து வெளியே வருவது என்றால் பல வருட உழைப்பைப் பிடுங்கிப் போடுவது.

இன்னொரு விஷயம். சந்தை விலை ஏறினால் விவசாயி கைக்கு அது முழுசாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். 2024இல் கொக்கோ விலை டன்னுக்கு 12,000 டாலர்வரை போனதைப் பார்த்திருப்பீர்கள். வயதான மரங்கள், வீங்கிய தண்டு நோய், மோசமான மழை என்று பல காரணம். பல வருடம் விலை குறைவாக இருந்ததால் யாரும் தோட்டத்தில் முதலீடு செய்யாததும் ஒரு காரணம். உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் தரும் கானா, கோட் டிவ்வார் நாடுகளின் விவசாயிக்கு அந்த விலை கிடைக்கவில்லை. அங்கே பருவத் தொடக்கத்திலேயே அரசு கொள்முதல் விலையை நிர்ணயித்துவிடும். அறுவடையின் பெரும்பகுதியை முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு விற்றுவிடுவார்கள். அதனால் பழைய விலைதான் கைக்கு வந்தது, எல்லை தாண்டிய கடத்தல் பெருகியது. இதே ஏற்பாடு விலை சரியும் வருடத்தில் விவசாயிக்குக் குடையாகவும் இருக்கும். 2025 முடிவதற்குள் உலக விலை அந்த உச்சத்திலிருந்து பாதியாகிவிட்டது. இது மோசமான ஏற்பாடு என்று நான் ஒரேயடியாகச் சொல்லமாட்டேன். நீங்கள் வேலை செய்யும் பகுதியில் விலையை யார் நிர்ணயிக்கிறார்கள், ஏறும்போது யாருக்கு, இறங்கும்போது யாருக்கு என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வருமானக் கணக்கு போடாதீர்கள் என்பதுதான் நான் சொல்வது.

அடுத்தது, எந்த மாதத்தில் பணம் வருகிறது என்பது. திட்ட அறிக்கைகளில் 'ஆண்டு வருமானம்' என்று ஒரே எண்ணாகப் போடுவார்கள். வயிறு ஆண்டுக் கணக்கில் பசிப்பதில்லை. மத்திய அமெரிக்கக் காபி மலைகளில் அறுவடைப் பணம் சில மாதத்தில் தீர்ந்துவிடும். புதுச் சோளம் வருவதற்கு முன்னால் வரும் மழை மாதங்களில் கையில் காசும் இருக்காது, சோள விலையும் உச்சத்தில் இருக்கும். வருடக் கணக்கில் பார்த்தால் ஏழையாகத் தெரியாத குடும்பம்கூட அந்த மாதங்களில் ஒரு வேளையைக் குறைக்கும். வியாபாரி அப்போதுதான் வந்து அடுத்த அறுவடைக்கு முன்பணம் கொடுப்பார், விலையை அவரே சொல்லுவார்.

கென்யாவின் சிறு தேயிலை விவசாயிகளைப் பாருங்கள். 1960களிலிருந்து வளர்ந்த ஏற்பாடு அது. தேயிலை வருடம் முழுக்கப் பறிக்கும் பயிர். கொடுத்த பச்சை இலைக்கு மாதாமாதம் ஒரு தொகை, வருட முடிவில் விற்ற விலையைப் பொறுத்து மிச்சத் தொகை. அந்த மிச்சத் தொகை எவ்வளவு என்பதில் வருடா வருடம் சண்டை நடக்கும், அது நடக்கட்டும். மாதாமாதம் வரும் சின்னப் பணம்தான் அங்கே அடுப்பை எரிய வைக்கிறது. கிழக்கு எத்தியோப்பியாவின் ஹரார் பகுதியில் பேர்போன காபியைப் பிடுங்கிவிட்டுக் காத் என்ற போதை இலையை நட்டார்கள். அதற்கு விலை ஒரு காரணம் என்றால், வருடத்தில் பலமுறை வெட்டிக் காசாக்கலாம் என்பது இன்னொன்று. அந்தப் பயிரை நான் பரிந்துரைக்கவில்லை. விவசாயி எதைத் தேடுகிறார் என்பதை அது காட்டுகிறது.

பணம் வீட்டில் யார் கைக்குப் போகிறது என்பதையும் கேட்க வேண்டும். கென்யாவின் தென் நியான்சாவில் கரும்புக்கு மாறிய குடும்பங்களை 1980களில் ஆராய்ந்தார்கள். வருமானம் ஏறியிருந்தது, குழந்தைகளின் ஊட்டம் அதற்கு ஏற்ற மாதிரி ஏறவில்லை. கரும்புப் பணம் நீண்ட காத்திருப்புக்குப் பிறகு மொத்தமாக வரும், பெரும்பாலும் ஆண் கையில் வரும். காம்பியாவில் நடந்தது இன்னும் யோசிக்க வைக்கும். அங்கே நெல் பெண்களின் பயிர். 1980களில் ஜஹாலி-பச்சார் என்ற பாசனத் திட்டம் வந்து நெல் நன்றாக விளைந்து பணமானதும், அதன் கட்டுப்பாடு மெல்ல ஆண்கள் பக்கம் நகர்ந்தது. நிலத்தைப் பெண்கள் பெயரில் கொடுக்க வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதியிருந்தும் இப்படி நடந்தது. ஆக, உணவுப் பயிர் என்றால் பெண்களுக்குப் பாதுகாப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. காபி நாற்றைக் குடும்பத் தலைவர் பெயரில் மட்டும் பதிவு செய்தால், களை எடுப்பது ஒருவர், கூட்டுறவில் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்குவது இன்னொருவர் என்றாகும். இதை முன்கூட்டியே தடுப்பது எளிது: உறுப்பினர் அட்டையில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்கட்டும், கணக்கும் கூட்டாக இருக்கட்டும்.

சோளத்தைக் கைவிடச் சொல்லாதீர்கள் என்று நான் சொல்வது பாசத்தால் அல்ல. சாலை மோசமான மலைப்பகுதியில், அறுவடை நேரத்தில் அவர் சோளத்தை விற்கும் விலை ஒன்று, பஞ்ச மாதத்தில் திரும்ப வாங்கும் விலை வேறொன்று. நடுவில் வண்டிக் கூலியும் வியாபாரி லாபமும் ஏறிக்கொள்ளும். வீட்டுத் தேவைக்கான சோளத்தை வீட்டிலேயே விளைவிப்பவர் அந்த இடைவெளியைத் தன் பக்கம் வைத்துக்கொள்கிறார். கினி-பிசாவ் நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் சுமார் 90 சதவீதம் முந்திரிக்கொட்டைதான். கிராமங்களில் கொட்டையைக் கொடுத்து இறக்குமதி அரிசியை வாங்குவார்கள். முந்திரி விலை விழுகிற வருடம் அங்கே பசி வருடம்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் மாலியின் தெற்குப் பகுதி இருக்கிறது. அங்கே பருத்தி போடுகிறவருக்கு உரம் கடனாகக் கிடைக்கும், பருத்தி கொள்முதலில் கழித்துக்கொள்வார்கள். பருத்திக்குப் போட்ட உரத்தின் மிச்சம் அடுத்துப் போடும் சோளத்துக்கும் உதவும். அதனால் பருத்தி வட்டாரமே தானிய வட்டாரமாகவும் ஆனது. பணப்பயிர் வந்தால் உணவு குறையும் என்று உங்கள் நண்பர்கள் சொன்னால் இதைக் காட்டுங்கள். அதே பருத்தி விவசாயியை உலக விலை படுத்தியதும் உண்மைதான். மாலி, பெனின், புர்கினா ஃபாசோ, சாட் ஆகிய நான்கு நாடுகளும், பணக்கார நாடுகள் தங்கள் பருத்தி விவசாயிகளுக்குத் தரும் மானியத்தால் நாங்கள் நசுங்குகிறோம் என்று 2003இல் உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டன. அந்தப் பேச்சுவார்த்தை இன்னும் முடிந்தபாடில்லை. உங்கள் மலைக் கிராமத்து விவசாயியால் அதில் செய்ய முடிவது எதுவும் இல்லை. அவர் கையில் இருப்பது, அந்த விலைக்குத் தன் நிலத்தில் எவ்வளவைத் திறந்து வைக்கிறார் என்பது மட்டும்தான்.

உங்கள் நிலத்துக்கு மிக நெருக்கமான உதாரணம் கிளிமஞ்சாரோ மலைச்சரிவில் இருக்கிறது. அங்குள்ள சாகா மக்களின் வீட்டுத் தோட்டத்தில் மேலே நிழல் மரம், நடுவில் வாழை, அதன் கீழே காபி, தரையில் பயறும் கிழங்கும், கொட்டகையில் கட்டிய மாடு. எல்லாம் ஒரு சின்ன நிலத்துக்குள்ளே. காபி விலை விழுந்தபோது பலரும் காபியைக் கவனிக்காமல் விட்டுவிட்டு வாழைத்தாரைச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். வாழையும் காபியும் ஊடுபயிராக நிற்பது உகாண்டாவிலும் சகஜம். ஒரு ஹெக்டேருக்கும் குறைந்த நிலத்துக்குக் 'காபியா, சோளமா' என்று கேட்பதைவிட, எந்த இடைவெளியில் எதன் நிழலில் எதை வைப்பது என்று கேட்டால் உங்கள் வேளாண் அலுவலருக்கும் வேலை இருக்கும்.

முத்திரை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நியாய வணிக முத்திரை நல்லதுதான். கழுவிப் பதப்படுத்திய அராபிகா வகைக் காபிக்கு அதன் குறைந்தபட்ச விலை 2023 ஆகஸ்டில் பவுண்டுக்கு 1.40 டாலரிலிருந்து 1.80 ஆனது. சந்தை அதைவிட மேலே இருந்தால் சந்தை விலை, அதோடு கூட்டுறவுக்கு 20 சென்ட் கூடுதல் தொகை. 2001 மாதிரி வருடத்தில் இது உயிர் காக்கும். ஆனால் முத்திரை பெற்ற கூட்டுறவுகளில் பல, தங்கள் காபியில் ஒரு பங்கைத்தான் முத்திரை விலைக்கு விற்க முடிகிறது. மிச்சம் சாதாரண விலைக்குப் போகும், ஏனென்றால் அந்த விலை கொடுத்து வாங்குபவர் அவ்வளவு பேர் இல்லை. பணமும் கூட்டுறவுக்குத்தான் வருகிறது, அங்கிருந்து உறுப்பினருக்கு எவ்வளவு போகும் என்பது கூட்டுறவின் ஒழுங்கைப் பொறுத்தது. முதலில் கணக்குக் காட்டும் கூட்டுறவு, அப்புறம் வாங்குபவர், அதற்கும் அப்புறம் முத்திரை. உங்கள் மேலாளர் வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறார்.

பரிந்துரையை எழுதும் முன் கிராமத்தில் வீடு வீடாகப் போய் இதையெல்லாம் கேளுங்கள்: வீட்டுச் சோளம் எந்த மாதம் தீர்கிறது? தீர்ந்த பிறகு எங்கே, என்ன விலைக்கு வாங்குகிறார்கள்? கடன் இருக்கிறதா, யாரிடம்? நிலம் யார் பெயரில்? காபி காய்க்கும்வரை அந்த மூன்று நான்கு வருடம் அந்த இடத்திலிருந்து வந்த வருமானத்துக்கு மாற்று என்ன? பழத்தை வாங்க எத்தனை பேர் வருவார்கள்? ஒரே ஒரு வியாபாரி என்றால், அந்தப் பகுதிக்கு நான் நாற்று அனுப்பமாட்டேன்.

சோளம் சீக்கிரம் தீரும் வீடுகளுக்கு முதல் வருடப் பணத்தைச் சேமிப்பில் போடுங்கள். காற்றுப் புகாத மூன்றடுக்குப் பைகள் இருக்கின்றன. 1980களின் இறுதியில் காமரூனில் தட்டைப்பயறை வண்டிடமிருந்து காப்பாற்ற உருவாக்கியவை, இப்போது சோளத்துக்கும் பல நாடுகளில் பயன்படுகின்றன. பூச்சிமருந்து வேண்டாம். வண்டு தின்னாத சோளம் சில மாதம் தாக்குப்பிடித்தால், அறுவடை அன்றே அடிமாட்டு விலைக்கு விற்க வேண்டியதில்லை, பஞ்ச மாதத்தில் முன்பணத்துக்குக் கைநீட்ட வேண்டியதும் இல்லை. அந்த வீடு இரண்டாவது சுற்றில் நாற்று வாங்கிக்கொள்ளட்டும். தயாராக இருக்கும் வீடுகளுக்கும் முதல் சுற்றில் நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காபி வேண்டாம் என்பது என் கருத்து. அதிலும் முதல் சில வருடம் பயறும் வாழையும் இடையில் நிற்கட்டும்.

வெனிலாவுக்கு மட்டும் நான் நேரடியாக 'வேண்டாம்' என்றே சொல்வேன். ஒவ்வொரு பூவையும் அது விரிகிற காலையிலேயே கையால் மகரந்தம் சேர்த்தாக வேண்டும். காய் கொடியில் முதிர ஒன்பது மாதம் வேண்டும். உலக வெனிலாவின் பெரும்பகுதி மடகாஸ்கரிலிருந்து வருவதால், அங்கே ஒரு புயல் அடித்தால் உலக விலை பறக்கும். 2003இல் கிலோ 400 டாலரைத் தாண்டியது, 2005க்குள் 50 டாலருக்கும் கீழே வந்தது. 2018இல் 600 டாலர் வாக்கில், வெள்ளியைவிட விலை அதிகமாக நின்றது. 2020இல் மடகாஸ்கர் அரசு குறைந்தபட்ச ஏற்றுமதி விலை 250 டாலர் என்று வைத்தது, 2023இல் அதை எடுத்ததும் விலை சரிந்தது. விலை உச்சத்தில் இருக்கும்போது திருட்டுக்குப் பயந்து விவசாயிகள் தோட்டத்திலேயே படுத்துத் தூங்குகிறார்கள், ஊசியால் ஒவ்வொரு காயிலும் தங்கள் அடையாளத்தைக் குத்தி வைக்கிறார்கள், முதிரும் முன்பே பறித்துவிடுகிறார்கள். பறித்த பிஞ்சுக்குத் தரம் இல்லை, விலையும் இல்லை. ஆசைப்படுபவர்கள் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கொடித்துண்டு வாங்கி வேலியோரம் பத்துக் கொடி வைத்துக்கொள்ளட்டும், தடுக்க வேண்டாம். திட்டப் பணத்தில் வெனிலாவுக்கு ஒதுக்கியதைச் சேமிப்புப் பைகளுக்கும், அந்தப் பகுதியில் இரண்டாவதாக ஒரு காபி வியாபாரியைக் கொண்டுவரும் முயற்சிக்கும் மாற்றிவிடுங்கள்.